வீசுகோலுக்கு 50 வேணும்: இன்டர்லேஸா, புரோகிரஸிவா?

யூடியூபில் நம்ம பக்கத்துக் கோயில் கொடை வில்லுப்பாட்டுகளைத் தேடிப் பாருங்கள். பழைய டேப்பிலிருந்து ஏற்றிய பதிவு என்றால் பல இடங்களில் ஒரு காரியம் கண்ணில் படும். புலவர் வீசுகோலை ஓங்கி நாணில் அடிக்கிற நேரம், கோலின் ஓரம் முழுக்கச் சீப்பின் பல்லைப் போலக் கிடைக்கோடுகளாகச் சிதறி நிற்கும். உடுக்கை அடிக்கிற கையும் குடத்தின் வாயில் விழுகிற பத்தியும் அப்படியேதான் இருக்கும். அசையாமல் இருக்கிற வில்லும் பின்னால் கட்டியிருக்கிற பந்தல் துணியும் தெளிவாகத் தெரியும். அசைகிற இடம் மட்டும் கெட்டுக் கிடக்கும்.

"பழைய டேப்புல்லா, அப்பிடித்தான் இருக்கும்" என்று எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். அது டேப்பின் குறை இல்லை. அதே டேப்பை பிக்சர் டியூப் டிவியில் ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வீசுகோல் அதில் எவ்வளவு வழவழப்பாக இறங்கி ஏறும் என்று. கெட்டது டேப்பிலிருந்து கம்ப்யூட்டருக்கு வந்த வழியில். இன்டர்லேஸ் படத்தை புரோகிரஸிவ் படம் மாதிரி நடத்தியதால் வந்த கேடு.

நான் பூதப்பாண்டியில் இருந்து இந்தத் தொழில் பார்க்கிறேன். கல்யாணம், சடங்கு, கொடை, பூதலிங்கசுவாமி கோயில் தைத் திருவிழா எல்லாம் எடுப்பேன். இப்போது கொஞ்ச காலமாக, வீடுகளில் கிடக்கிற பழைய டேப்புகளை மாற்றிக் கொடுக்கிற வேலைதான் அதிகம். தொழிலுக்குப் புதிதாக வருகிற பையன்களும், அப்பாவின் கல்யாண கேசட்டோடு வருகிற வீட்டுக்காரர்களும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: எதில் எடுக்க, எதில் கொடுக்க? இது நீளமான பதிவு. ஆனால் ஒரு தடவை முழுசாக விளங்கிக்கொண்டால் பிறகு யாரிடமும் கேட்க வேண்டிய தேவை வராது.

பாதிப் பாதியாக ஏன் அனுப்பினார்கள்?

கேமரா மெனுவில் எண்ணுக்குப் பின்னால் ஒரே ஒரு எழுத்து வரும். ஐ என்றால் இன்டர்லேஸ், பி என்றால் புரோகிரஸிவ். 50 ஐ, 25பி, 50பி என்று எழுதியிருப்பதன் சங்கதி எல்லாம் அந்த ஒரு எழுத்தில் இருக்கிறது.

புரோகிரஸிவ் என்பது நேரடியான காரியம். ஒரு கணத்தில் முழுப் படத்தையும் மேலிருந்து கீழே வரி வரியாக எடுக்கும். அடுத்த கணத்தில் அடுத்த முழுப் படம். இன்டர்லேஸ் அப்படி இல்லை. முதலில் 1, 3, 5 என்று ஒற்றை வரிகளை மட்டும் எடுக்கும். அது ஒரு ஃபீல்டு. பிறகு 2, 4, 6 என்று இரட்டை வரிகள். அது அடுத்த ஃபீல்டு. இரண்டும் சேர்ந்தால் ஒரு ஃபிரேம்.

இந்தச் சுற்றுவழி எதற்கு? பிக்சர் டியூபில் விநாடிக்கு 25 தடவை மட்டும் வெளிச்சம் வந்துபோனால் கண் கூசும், திரை துடிக்கும். குறைந்தது 50 தடவையாவது வேண்டும். ஆனால் விநாடிக்கு 50 முழுப் படத்தை ஆன்டெனா வழியே அனுப்ப இரண்டு மடங்கு அலைவரிசை அகலம் வேண்டும். நம் நாட்டில் விஎச்எஃப் சேனல் ஒன்றின் மொத்த அகலமே 7 மெகாஹெர்ட்ஸ், அதிலும் படத்துக்கு 5 மெகாஹெர்ட்ஸ்தான். ஆகவே பாதிப் பாதியாக அனுப்பு, 50 தடவை அனுப்பு என்று முடிவு செய்தார்கள். ஜெர்மனியில் டெலிஃபுங்கன் கம்பெனியில் இருந்த ஃபிரிட்ஸ் ஷ்ரோட்டர் 1930-இலேயே இதற்குக் காப்புரிமை எடுத்தார். அமெரிக்காவில் ஆர்சிஏ கம்பெனியின் ராண்டல் பல்லார்ட் 1932-இல் இதே வழிக்கு வந்தார். 1936-இல் லண்டனில் பிபிசி தொடங்கிய 405 வரி ஒளிபரப்பும் இன்டர்லேஸ்தான்.

நம் தூரதர்ஷன் 1959 செப்டம்பர் 15-இல் டெல்லியில் தொடங்கியது. சென்னை நிலையம் 1975 ஆகஸ்ட் 15-இல் வந்தது. வண்ணம் 1982-இல். 625 வரி, விநாடிக்கு 50 ஃபீல்டு, வண்ணத்துக்கு பால் முறை. 625-இல் படமாகத் திரையில் வருவது 576 வரி. ஒரு ஃபீல்டுக்கு 288. நம் ஊருக்கு வந்த விஎச்எஸ் கேமரா, அதற்குப் பின் வந்த மினி டிவி (MiniDV) கேமரா, கேபிள், டிவிடி எல்லாமே இந்தக் கணக்கில்தான் நடந்தன. பிறகு வந்த ஹெச்டி தோள் கேமராக்களிலும் 1080 வரி, 50 இன்டர்லேஸ் என்பதே வழக்கமாக இருந்தது.

இதில் மனசில் வைக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒற்றை வரிகளை எடுத்த நேரமும் இரட்டை வரிகளை எடுத்த நேரமும் ஒன்று இல்லை. நடுவில் விநாடியில் 50-இல் ஒரு பங்கு ஓடிப்போகிறது. அதற்குள் வீசுகோல் நாலு விரல்கடை தூரம் நகர்ந்துவிடும். இரண்டு ஃபீல்டையும் ஒன்றாகக் கோத்து ஒரே படமாக நிறுத்திக் காட்டினால், ஒற்றை வரிகளில் கோல் ஓரிடத்திலும் இரட்டை வரிகளில் வேறோரிடத்திலும் நிற்கும். அந்தப் பல் பல்லான கோடுகள் இவைதான். பிக்சர் டியூப் ஒவ்வொரு ஃபீல்டையும் அதனதன் நேரத்தில் காட்டியது. அதனால் கண்ணுக்குப் பல் தெரியவில்லை. எல்சிடி, எல்இடி, கைபேசித் திரை எல்லாம் முழுப் படமாகக் காட்டுகிறவை. அவற்றுக்கு முன்னால் யாராவது ஃபீல்டுகளைச் சரியாகப் பிரித்துக் கொடுத்தாக வேண்டும். அதைத்தான் டீஇன்டர்லேஸ் என்கிறோம்.

25-க்கும் 50-க்கும் நடுவில் போவது என்ன?

வில்லுப்பாட்டையே எடுத்துக்கொள்வோம். புலவர் வீசுகோலைத் தூக்கி, நாணில் அடித்து, மறுபடி மேலே எடுக்கிற ஒரு வீச்சுக்கு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு ஆகிறது என்று வையுங்கள். 50 இன்டர்லேஸில் அந்த வீச்சுக்கு 10 ஃபீல்டு கிடைக்கும். கோல் மேலே நிற்பது, இறங்குவது, நாணைத் தொடுவது, நாண் அதிர்வது, கோல் துள்ளி எழுவது என்று ஒவ்வொன்றும் தனித்தனியாக இருக்கும். 25பி என்றால் 5 படம். கோல் நாணைத் தொடுகிற கணமே அதில் விழாமல் போகலாம். வில்லில் கட்டிய மணிச் சத்தம் காதில் கேட்கும். கோல் அதற்குள் மேலே வந்திருக்கும்.

மேடைப் பேச்சு என்றால் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. பொதுவுடைமைத் தலைவர் ஜீவா பிறந்த ஊர் என்பதால் எங்கள் பக்கத்தில் மேடைப் பேச்சுப் பதிவுகளுக்கும் பஞ்சம் இல்லை. மைக் முன்னால் நின்று ஒருவர் பேசுகிறார், கை கொஞ்சம் அசைகிறது, அவ்வளவுதான். 25 தாராளம். ஆனால் கொடையில் சாமியாடி ஆராசனை வந்து ஆடுவதும், சிங்காரி மேளக்காரர்கள் குதித்து அடிப்பதும், முளைப்பாரி சுற்றி கும்மி அடிப்பதும் பேச்சு இல்லை. அந்த அசைவுதான் அங்கே பொருள். அதில் பாதியைத் தூக்கி எறிந்துவிட்டுப் பதிவு செய்தேன் என்று சொல்லக் கூடாது.

புதிய பையன் ஒருவன் கேட்டான்: "அண்ணே, எல்லாவனும் சினிமா லுக்குன்னு 24-ல எடுக்கான். நாமளும் கொடைய 24-ல எடுத்தா என்ன?"

நான் சொன்னது இது. "தம்பி, கல்யாணத்துல மாப்பிள்ளை பொண்ணை வயக்காட்டுல நடக்க வச்சு ஒரு பாட்டு எடுக்கியா, அதுக்கு 24 வச்சுக்கோ, 25 வச்சுக்கோ, நல்லா இருக்கும். சாமி ஆடுத ஆளை எடுக்கும்போ 50-ல எடு. 50-ல எடுத்ததை நாளைக்கு 25 ஆக்கலாம். 25-ல எடுத்ததை 50 ஆக்க முடியாது."

இந்தத் தொழிலின் அடிப்படைக் கணக்கு இதுதான். 50பி-யில் எடுத்தால் அதிலிருந்து எல்லாம் பிறக்கும். முதல் படத்தின் ஒற்றை வரி, அடுத்த படத்தின் இரட்டை வரி என்று எடுத்தால் குறைவில்லாத 50 இன்டர்லேஸ். ஒன்று விட்டு ஒன்று எடுத்தால் 25பி. 50 இன்டர்லேஸில் எடுத்தாலும் அசைவு 50 உண்டு, ஒவ்வொரு ஃபீல்டையும் ஒரு முழுப் படமாக விரித்து 50பி ஆக்கலாம். செங்குத்துத் தெளிவு மட்டும் கொஞ்சம் குறையும். 25பி-யில் எடுத்தால் அசைவு 25-தான். அதை 50 இன்டர்லேஸ் பெட்டிக்குள் போட்டாலும் உள்ளே இருப்பது 25-தான்.

இன்னொன்று. சினிமாப் பாட்டு பதிவான டேப்பில் இருப்பது வேறு விதம். ஃபிலிமில் 24-இல் எடுத்ததை நம் டிவிக்கு 25 ஆக ஓட்டி, ஒரே படத்தை இரண்டு ஃபீல்டாகப் பிரித்திருப்பார்கள். இரண்டு ஃபீல்டும் ஒரே நேரத்தைச் சேர்ந்தவை. அதை டீஇன்டர்லேஸ் செய்தால் இருக்கிற தெளிவும் போகும். கோத்துவிட்டாலே முழுப் படம் வந்துவிடும். கல்யாண கேசட்டில் நடுநடுவே ஒட்டியிருக்கிற சினிமாப் பாட்டுக் காட்சிகளில் இதைப் பார்க்கலாம்.

எங்கே ஓடப்போகிறது?

யாராவது வீடியோ வேலை கொடுத்தால் நான் முதலில் கேட்பது இதைத்தான். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

*டிவி சேனல், உள்ளூர் கேபிள்.* சேனலுக்குப் போகிற படம் என்றால் அவர்கள் கேட்கிற முறையைத் தெரிந்துகொண்டு அப்படியே கொடுங்கள். ஹெச்டி என்றால் பெரும்பாலும் 1080 வரி, 50 இன்டர்லேஸ், மேல் ஃபீல்டு (ஒற்றை வரிகள்) முதலில். நீங்கள் 50பி-யில் எடுத்திருந்தால் அதிலிருந்து இறக்கிக் கொடுக்கலாம், அசைவு ஒன்றும் போகாது.

இங்கே தமிழ் எழுத்துக்கு ஒரு தனிக் கவனம் வேண்டும். ட, ப, ய, ம போன்ற எழுத்துகளுக்கு அடியில் படுக்கைக்கோடு உண்டு. அந்தக் கோடு ஒரே ஒரு வரி கனத்தில் இருந்தால் ஒரு ஃபீல்டில் மட்டும் வரும், மறு ஃபீல்டில் இருக்காது. திரையில் எழுத்தின் கால் மட்டும் படபடவென்று துடிக்கும். டைட்டில் எழுத்தைக் கனமாக வையுங்கள், படுக்கைக்கோடு மூன்று வரியாவது இருக்கட்டும். பட்டுப்புடவையின் சரிகைக் கரைக்கும் முற்றத்துக் கோலத்துக்கும் இதே தொல்லை உண்டு. புரோகிரஸிவில் எடுத்து இன்டர்லேஸுக்கு இறக்கும்போது மேல்கீழாகச் சின்ன மங்கல் கொடுத்தால் அடங்கும்.

*டிவிடி.* இன்றைக்கும் கேட்கிற பெரியவர்கள் இருக்கிறார்கள். பால் டிவிடி என்றால் 720 புள்ளி அகலம், 576 வரி. அது இன்டர்லேஸை அப்படியே ஏற்றுக்கொள்ளும். ஆகவே பழைய டேப்பை டிவிடி ஆக்கும்போது டீஇன்டர்லேஸ் செய்யவே கூடாது. ஃபீல்டுகளோடு அப்படியே போடுங்கள், டிவி பார்த்துக்கொள்ளும். பழைய விசிடியில் 288 வரிதான் உண்டு, அதாவது ஒரு ஃபீல்டு அளவு. வீட்டில் விசிடி மட்டுமே மிஞ்சியிருந்தால் அந்த இன்னொரு ஃபீல்டு எழுதும்போதே போய்விட்டது. டேப்பைத் தேடுங்கள், பரணில் கிடந்தாலும் கிடக்கும்.

வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. துபாய், மஸ்கட் பக்கம் பால் முறைதான், நம் டிவிடி அங்கே சிக்கல் இல்லாமல் ஓடும். அமெரிக்காவும் கனடாவும் என்டிஎஸ்சி, 525 வரி, விநாடிக்கு சுமார் 60 ஃபீல்டு. அங்கே இருக்கிற பிள்ளைகளுக்கு டிவிடி அனுப்புவதைவிட 50பி ஃபைலாக அனுப்புவதே நல்லது.

*புளூரே.* கேட்பவர் குறைவு. 1080 வரியில் 50 இன்டர்லேஸ் போடலாம், 720 வரியில் 50பி போடலாம். 1080 வரி 50பி சாதாரண புளூரே முறையில் கிடையாது. கொடை, மேளம் என்றால் 720 வரி 50பி தாராளம்.

*யூடியூப்.* இங்கேதான் அதிகக் கேடு நடக்கிறது. யூடியூப் புரோகிரஸிவ் உலகம். ஏற்றுவதற்கு முன்பே டீஇன்டர்லேஸ் செய்துவிட வேண்டும் என்று அவர்களே சொல்கிறார்கள். அதைவிட முக்கியமாக, விநாடிக்கு 50 அல்லது 60 படம் என்பது 720 வரியும் அதற்கு மேலும் உள்ள தரத்தில்தான் கிடைக்கும். 576 வரி பழைய டேப்பை 50பி ஆக்கி அப்படியே ஏற்றினால், அவர்கள் 480-க்கு இறக்கி அசைவையும் பாதியாக்கிவிடுவார்கள். ஆகவே டீஇன்டர்லேஸ் செய்த பிறகு 1440 அகலம், 1080 உயரத்துக்குப் பெரிதாக்கி ஏற்றுங்கள். படம் புதிதாகத் தெளிவடையாது. ஆனால் வீசுகோலின் 50 அசைவும் பிழைக்கும். பழைய 4-க்கு 3 படத்தை இழுத்து அகலத் திரைக்கு நிரப்பாதீர்கள். புலவர் குட்டையாகிவிடுவார்.

*வாட்ஸ்அப்.* அது எப்படியும் சுருக்கி எடுக்கும். 720 வரி 25பி போதும். தரம் போகாமல் போக வேண்டும் என்றால் டாக்குமென்டாக அனுப்புங்கள், அப்போது அது கைவைக்காது.

*திருவிழா எல்இடி திரையும் லைவும்.* எல்இடி சுவர் புரோகிரஸிவ். லைவும் புரோகிரஸிவ். கேமராவையும் மிக்ஸரையும் முதலிலேயே 1080 வரி 50பி-யில் வையுங்கள். நாலு கேமராவில் ஒன்று இன்டர்லேஸில் நின்றால், அந்த கேமராவுக்கு மாறும்போதெல்லாம் தேர்வடம் பிடிக்கிற கைகளில் பல் தெரியும். கேமராக்களைப் பொருத்தும்போதே ஒவ்வொன்றின் மெனுவையும் திறந்து பார்த்துவிடுங்கள்.

பழைய டேப்பை எப்படி எடுப்பது?

முதல் விதி: மூலத்தை இன்டர்லேஸாகவே எடுங்கள், இன்டர்லேஸாகவே வையுங்கள். டீஇன்டர்லேஸ் செய்யும் முறைகள் வருடத்துக்கு வருடம் மேம்படுகின்றன. ஃபீல்டுகள் கெடாமல் இருந்தால் பத்து வருடம் கழித்து வருகிறவர் இதைவிட நன்றாகச் செய்துகொள்வார்.

மினி டிவி டேப் என்றால் கேமராவிலிருந்து ஃபயர்வயர் கேபிள் வழியாக எடுங்கள். அது படம் பிடிப்பது இல்லை, டேப்பில் இருக்கிற எண்களை அப்படியே நகல் எடுப்பது. ஒரு மணி நேரத்துக்கு 13 ஜிபி போல ஆகும். ஒரு டெராபைட் டிஸ்க்கில் 75 மணி நேரம் அடங்கும். புதிய மடிக்கணினிகளில் ஃபயர்வயர் இல்லை. பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப் போடாதீர்கள்.

விஎச்எஸ் என்றால் 720-க்கு 576, 50 இன்டர்லேஸாக எடுக்கிற கேப்சர் கருவி வேண்டும். ஏவி வயரை எச்டிஎம்ஐ ஆக்குகிற மலிவான பெட்டிகள் கடையில் கிடைக்கின்றன. பல பெட்டிகள் உள்ளேயே மோசமாக டீஇன்டர்லேஸ் செய்து, அளவையும் மாற்றி, 50-ஐ 60 ஆக்கி வெளியே விடும். அப்படி வந்த படத்தை யாராலும் மீட்க முடியாது.

இரண்டாவது விதி: ஃபீல்டு வரிசை. மினி டிவியில் கீழ் ஃபீல்டு முதலில். ஹெச்டி கேமராக்களில் மேல் ஃபீல்டு முதலில். தப்பாக வைத்தால் படம் ஓடும்போது அசைவு முன்னால் ஒரு எட்டு, பின்னால் ஒரு எட்டு என்று நடுங்கும். வீசுகோல் இறங்கிக்கொண்டிருக்கும்போதே ஏறுவது போலத் தெரிந்தால் வரிசை மாறிவிட்டது என்று அர்த்தம். மறு வரிசையைப் போட்டுப் பாருங்கள், சரியாகிவிடும்.

மூன்றாவது விதி: முதலில் டீஇன்டர்லேஸ், பிறகுதான் அளவு மாற்றம். இதை மாற்றிச் செய்ததால்தான் யூடியூபில் இத்தனை வில்லுப்பாட்டு பல்லோடு நிற்கிறது. ஃபீல்டு பிரிக்காமல் 576 வரியை 720 ஆக இழுத்தால் ஒற்றை வரியும் இரட்டை வரியும் ஒன்றோடொன்று கலந்து பல் படத்தோடு உறைந்துவிடும். அதன் பிறகு எந்த மென்பொருளுக்கும் எது எந்த ஃபீல்டு என்று தெரியாது.

கையில் இருப்பது உண்மையான இன்டர்லேஸா என்று பார்க்க ஒரு வழி: விஎல்சியில் டீஇன்டர்லேஸை அணைத்துவிட்டு, வேகமான அசைவு வருகிற இடத்தில் நிறுத்தி, ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்துங்கள். அசைகிற இடத்தில் மட்டும், சரியாக ஒரு வரி கனத்தில் கூரான பல் இருந்தால் ஃபீல்டு உயிரோடு இருக்கிறது. பல் தடித்து மங்கிக் கிடந்தால் யாரோ அளவு மாற்றிவிட்டார்கள். அப்போது மூல டேப்பைத் தேடுவதைத் தவிர வேறு வழி இல்லை.

மென்பொருள் எல்லாம் இலவசமாகவே கிடைக்கிறது. ஹேண்ட்பிரேக்கில் ஃபில்டர் பக்கத்தில் டீஇன்டர்லேஸுக்கு யாடிஃப் அல்லது பிவ்டிஃப் எடுத்து, அதில் பாப் என்பதைத் தேர்ந்து, ஃபிரேம் ரேட்டை 50 என்று வையுங்கள். பாப் என்பதை விட்டுவிட்டால் 25-தான் வரும், பாதி அசைவு போய்விடும். எஃப்எஃப்எம்பெக் பழக்கம் உள்ளவர்கள் பிவ்டிஃப் போட்டால் அது தானாகவே ஒரு ஃபீல்டுக்கு ஒரு படம் கொடுக்கும். பொறுமையும் நல்ல கம்ப்யூட்டரும் இருந்தால் ஹைபிரிட் என்ற மென்பொருள் வழியாக க்யூடிஜிஎம்சி முயன்று பாருங்கள். மெதுவாக ஓடும். ஆனால் விஎச்எஸ்ஸின் இரைச்சலையும் அடக்கி, ஓரங்களின் துடிப்பையும் நிறுத்தி, இப்போதைக்கு இதைவிட நல்லது இல்லை என்று சொல்லும்படி கொடுக்கும்.

இன்றைக்கு எடுக்கிறவர்களுக்கு

1080 வரியோ 4கே-யோ, 50பி-யில் எடுங்கள். 4கே-யில் இன்டர்லேஸ் என்ற பேச்சே இல்லை, அதற்கான பிடி.2020 என்ற பரிந்துரை புரோகிரஸிவை மட்டும்தான் ஏற்கிறது. இனிமேல் புதிதாக இன்டர்லேஸில் எடுக்க ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும்: கையில் உள்ள பழைய கேமராவில் 50பி இல்லை. அப்படியானால் கூச்சப்படாமல் 50 இன்டர்லேஸில் எடுங்கள். அசைவு உள்ள நிகழ்ச்சிக்கு அந்த கேமராவின் 25பி-யைவிட அதன் 50 இன்டர்லேஸ் மேல்.

ஷட்டரை 50பி-யில் 1/100-இல் வையுங்கள், 25பி-யில் 1/50. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய சோக்கு வைத்த டியூப் லைட்டும் பல சீரியல் விளக்குகளும் விநாடிக்கு 100 தடவை மினுங்கும். 1/50-உம் 1/100-உம் அந்தக் கணக்கோடு ஒத்துப்போகும். கைபேசியில் பெரும்பாலும் 30, 60 என்றுதான் இருக்கும். அதில் ஷட்டர் 1/60-க்குப் போனால் கொடைப் பந்தலின் விளக்கு வெளிச்சத்தில் படம் முழுக்கக் கறுப்புப் பட்டைகள் உருண்டு வரும். ஐபோனில் கேமரா செட்டிங்ஸில் பால் ஃபார்மட்டுகளைக் காட்டச் சொல்லும் ஒரு சுவிட்ச் இருக்கிறது. அதைப் போட்டால் 25 கிடைக்கும். மற்ற கைபேசிகளில் ஷட்டரைக் கையால் வைக்கிற ஆப் இருந்தால் 1/50 அல்லது 1/100 வையுங்கள். ஆளுக்கொரு கைபேசியில் எடுத்துப் பிறகு ஒன்றாகச் சேர்க்கிற காலம் இது. எல்லாரும் ஒரே எண்ணில் எடுத்தால் எடிட்டிங்கில் பாதித் தலைவலி தீரும்.

25பி-யில்தான் எடுக்க வேண்டும் என்றால் கேமராவை மெதுவாகத் திருப்புங்கள். தேரோட்டம் அன்று மொட்டை மாடியில் நின்று தேரோடு சேர்த்துக் கேமராவைத் திருப்பினால், பின்னால் இருக்கிற வீட்டுக் கூரைகளும் தென்னைகளும் திக்கித் திக்கி ஓடும். 50-இல் அந்தத் திக்கல் தெரியாது.

என் முடிவு

எந்த முறை உயர்ந்தது என்று கேட்டால், இனிமேல் எடுப்பதற்கு 50பி. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் இன்டர்லேஸ் ஒரு பழைய குறை, அதைத் துடைத்துப் போட வேண்டும் என்று பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பாதி வரிகளை விட்டுக்கொடுத்து முழு அசைவையும் காப்பாற்றிய முறை அது. நாஞ்சில் நாட்டுக் கொடைகளின் பல வருட அசைவுகள் எல்லாம் அந்த 50 ஃபீல்டுகளில்தான் பதிவாகிக் கிடக்கின்றன. அன்று பாடிய புலவர்களில் பலர் இன்று இல்லை. அவர்கள் கோல் வீசிய விதத்தை இனி ஒருத்தர் படிக்க வேண்டும் என்றால் அந்த டேப்புகள்தான் பாடப் புத்தகம். அதில் பாதியை அழித்துவிட்டு மீதியைப் பாதுகாத்தோம் என்று சொல்லிக்கொள்வதில் பொருள் இல்லை.

ஆகவே ஊர்க்காரர்களுக்கும் தொழில்காரர்களுக்கும் என் வேண்டுகோள் இது. கோயில் அலுவலகத்து அலமாரியிலோ வீட்டுப் பரணிலோ கொடை டேப் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். பூஞ்சை பிடிப்பதற்குள் எடுத்துவிடுங்கள், காந்தப் பூச்சுக்கு ஆயுசு நிறைய இல்லை. மாற்றிக் கொடுக்கிறவரிடம் இரண்டு ஃபைல் கேளுங்கள்: இன்டர்லேஸாக அப்படியே எடுத்த மூலம் ஒன்று, யூடியூபுக்கு 1080 வரி 50பி ஒன்று. முதல் ஃபைலை இரண்டு டிஸ்க்கில் வையுங்கள், இரண்டும் இரண்டு வீட்டில் இருக்கட்டும். மூலம் தர மாட்டேன் என்கிறவரிடம் டேப்பைக் கொடுக்காதீர்கள்.